கழிவு

மூன்றாம் நாள் மழை வெறித்தபோது
ரோட்டைக் காணோம்.
ராகலைக்குப் போகிற வளைவில்
பாதி மலை குறுக்கே படுத்துக் கிடந்தது.

போனில் கேட்டார்கள்:
தட்டையாய் ஓர் இடம், முப்பது மீட்டர்.
சிரித்துவிட்டேன்.
சோற்றுப்பானையை நேரே நிறுத்தவே
அடியில் கல் செருகுகிற ஊர் இது.
தட்டை என்று இருப்பது
கம்பனிக்குச் சொந்தமான விளையாட்டு மைதானம் ஒன்றுதான்.
அதிலும் வடக்கு மூலை சாய்வு.

கோல் கம்பங்களைப் பிடுங்கினோம்.
துரையைக் கேட்காமல் உர ஸ்டோரை உடைத்து
டொலமைட்டால் வட்டம் போட்டான் சவரிமுத்து;
முட்டையாய் வந்தது.
லயத்தில் கழன்ற தகரங்களின் மேல்
கல் ஏற்றச் சொன்னேன், பறந்தால் தலையை வெட்டும்.
காற்றைக் காட்டக் கொடி வேண்டுமாம்.
பூங்கோதை திட்டிக்கொண்டே
தன் சிவப்புப் பாவாடையை உருவிக் கொடுத்தாள், கொடியிலிருந்துதான்.

முதலில் சத்தம்.
மலைகள் அதை நாலாய்த் திருப்பிக் கொடுத்ததில்
எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.
எல்லோரும் வானத்தைத் தேடிக்கொண்டிருக்க
எங்களுக்குக் கீழே,
பள்ளத்தாக்கில் கிழிந்த பனிக்கு அடியில்
அதன் முதுகைக் கண்டேன்.
ஆற்றைப் பிடித்து ஏறி வந்தது,
கொழுந்தின் தலையைத் தடவுகிற உயரத்தில்.
மலை முழுக்கத் தேயிலை
வெளிறிய அடிப்பக்கம் காட்டிப் புரண்டது.

மைதானத்துக்கு மேல் நின்றது.
நின்றது என்றால், நின்றதல்ல.
தராசு முள் எண்ணில் குந்துமுன் நடுங்குமே,
அந்த நடுக்கம்.
ஆளுயரத்துக்கு இறங்கியதும் அது தணிந்தது.
தான் தள்ளிய காற்றே தரையில் முட்டித் திரும்பித்
தன்னைத் தாங்குமாம். பிறகு சிப்பாய் சொன்னான்,
பாதி சிங்களம், பாதி கை.
மேட்டுப் பக்கத்துக் கால் முதலில் பட்டது.
கொஞ்சம் யோசித்து, மற்றது.

விசிறி ஓயவில்லை.
சிப்பாய் குனிந்தபடி ஓடி வந்தான்:
இருநூற்று முப்பது கிலோ, அதற்குமேல் ஒன்றும் இல்லை.
இந்த உயரத்தில் காற்று மெலிசு.
ஐந்து பேர் காத்திருந்தார்கள்.
எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பின.

பதினேழு வருடம் கொழுந்து நிறுத்தவன் நான்.
மடுவத்துத் தராசை
இரண்டு தோள்களுக்கிடையே மூங்கிலில் தொங்கவிட்டு,
படங்கில் உட்காரவைத்து,
இடுப்பொடிந்த செபமாலை: ஐம்பத்தொன்று.
கால் நசுங்கிய வேலாயுதம்: ஐம்பத்தேழு.
சாந்தரூபி, எட்டு மாதம்: அறுபத்திரண்டு, இரண்டு உயிரும் சேர்த்து.
வலிப்புக் காய்ச்சலில் காமாட்சியின் மகன்: பத்தொன்பது.
கூடப் போக வேண்டிய காமாட்சி: நாற்பத்தாறு.

இருநூற்று முப்பத்தைந்து.

காமாட்சி என்னைப் பார்த்துச் சொன்னாள்,
கெஞ்சலாகக்கூட இல்லை:
"சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டுன்னு
தினமும் கழிப்பீங்களே ஐயா.
இன்னிக்குக் கழிங்களேன்."

விசிறிச் சத்தத்தில்
என் பதில் கேட்டிருக்காது.
பதில் இருக்கவும் இல்லை.

சிப்பாய்க்குத் தமிழ் விளங்கவில்லை,
முள் விளங்கியது.
சப்பாத்தைக் கழற்றினான். தலைக்கவசம்.
உள்ளே கிடந்த தண்ணீர்க் கேனை உருட்டித் தள்ளினான்.
எல்லாவற்றையும் படங்கில் போட்டுக் காட்டினான்:
ஆறு.
வெறுங்காலோடு தொற்றி ஏறினான்.

ஒரு சாண் எழும்பியது. உதறியது. மறுபடி உட்கார்ந்தது.
இரண்டாம் முறை மூக்கைத் தாழ்த்தி
வட்டத்தை அழித்துக்கொண்டு ஓடி
மைதானத்து விளிம்பில் விழுந்தது.
விழுந்ததாகத்தான் நினைத்தோம்;
சவரிமுத்து கண்ணைப் பொத்திக்கொண்டான்.
பள்ளத்தில் வேகம் பொறுக்கியெடுத்து,
எதிர்மலைச் சவுக்கு மரங்களுக்குமேல்
சின்னதாய் ஏறிக்கொண்டிருந்தது.

சப்பாத்து இன்னும் மடுவத்தில் இருக்கிறது.

திங்கட்கிழமை பிரட்டுக்குப் பிறகு
முதல் நிறுவை.
பூங்கோதையின் சாக்கு: பதினெட்டு.
கழிவுக் கட்டத்துக்குமேல்
என் பேனா நின்றது.
நின்றது என்றால்,
நின்றதல்ல.